கண் போகும் இடத்துக்குக் கழுத்தும் போகும்



பல்லைப் பிடுங்கினால் யாருக்கு வலிக்கும்? பிடுங்கிக்கொண்டவருக்கு என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். அந்த வலிக்கு மரப்பு ஊசி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, ஐஸ்கிரீம்கூட இருக்கிறது. பிடுங்கியவருக்கும் வலிக்கும். அதற்கு ஊசி கிடையாது. அன்று மாலையே அது தெரிவதும் இல்லை. பல வருடம் கழித்து, கழுத்தில் தொடங்கி, தோளில் இறங்கி, விரல் நுனியில் மரமரப்பாக வந்து நிற்கும். இன்றைய பேச்சுக்குப் பொருள் அந்த வலிதான். வாய் அறுவை மருத்துவர் வேலை செய்யும்போது அவர் உடம்பு எப்படி நிற்கிறது, எப்படி உட்கார்கிறது, எதனால் வளைகிறது, எப்படி நிமிரலாம்?

முதலில், யார் இந்த மருத்துவர்? ஈறைக் கீறி, எலும்பைக் குடைந்து, உள்ளே புதைந்து கிடக்கும் ஞானப்பல்லை எடுப்பவர் அவர். விபத்தில் உடைந்த தாடைக்கு உலோகத் தகடு வைத்துத் திருகாணி முடுக்குபவர் அவர். குழந்தையின் அண்ணப் பிளவைத் தைப்பவர் அவர். நாக்கிலும் கன்னத்திலும் வந்த புற்றை வெட்டியெடுப்பவரும் அவர். பெயர்ப்பலகையில் வாய், தாடை, முக அறுவை மருத்துவர் என்று நீளமாக எழுதியிருக்கும். மருத்துவமனை வழக்கில் ஓரல் சர்ஜன்.

அவருடைய அன்றாட வேலைகளில் ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். கீழ்த்தாடையில் புதைந்த ஒரு ஞானப்பல். மருத்துவர்கள் தங்களுக்குள் இம்பாக்‌ஷன் கேஸ் என்பார்கள்.

நலமான ஒருவர் வாயை அகலத் திறந்தால் மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி உள்ளே விடலாம். நான்கு, ஐந்து சென்டிமீட்டர் வாசல். அந்த வாசலுக்குள் கன்னத்தை விலக்கும் ரிட்ராக்டர் போக வேண்டும். ரத்தத்தையும் எச்சிலையும் இழுக்கும் உறிஞ்சுகுழாய் போக வேண்டும். எலும்பைக் குடையும் பர் போக வேண்டும். சூடு ஏறாமல் அதன் மேல் உப்புநீர் பீய்ச்ச வேண்டும். இத்தனையும் போக மிச்சமிருக்கும் இடுக்கில் மருத்துவரின் பார்வை நுழைய வேண்டும். பல் இருப்பதோ கடைசி மூலையில், தாடை எலும்பு மேலே திரும்பி ஏறுகிற இடத்தில். அதன் உட்புறத்தை ஒட்டி நாக்குக்கு உணர்ச்சி தரும் நரம்பு போகிறது. வேருக்கு அடியில் கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு போகிறது. கொஞ்சம் பிசகினாலும் நோயாளிக்கு உதடு மரத்துப்போகலாம். இப்படிப்பட்ட இடத்தை யார் நிமிர்ந்து உட்கார்ந்து எட்டத்திலிருந்து பார்ப்பார்?

குனிவார். கழுத்தை முன்னால் நீட்டுவார். அப்படியும் மறைத்தால் தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். கை நுழைய வேண்டுமே என்று முழங்கையைத் தூக்குவார். முழங்கை ஏறினால் தோள் ஏறும். தோள் ஏறினால் முதுகு கோணும். பல் அசைகிறவரை அந்தக் கோணலிலேயே இருப்பார். இருபது நிமிடம், அரை மணி, பிடிவாதமான பல் என்றால் முக்கால் மணி.

ஒரு மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. கழுத்து நேராக இருந்தால் முதுகெலும்பு அதை அலட்டிக்கொள்ளாமல் சுமக்கும். தலை முன்னால் சாயச் சாய, அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் தசைகளின் பாடு கூடுகிறது. நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் கணினி மாதிரி ஒன்றை வைத்து இதைக் கணக்கிட்டார். 15 டிகிரி சாய்ந்தால் கழுத்தெலும்பின் மேல் விழும் பாரம் சுமார் 12 கிலோ. 30 டிகிரியில் 18 கிலோ. 45 டிகிரியில் 22 கிலோ. 60 டிகிரியில் 27 கிலோ. ஓர் அரிசிச் சிப்பத்தைப் பிடரியில் ஏற்றிக்கொண்டு, விரல் நுனியில் மில்லிமீட்டர் கணக்கில் வேலை பார்ப்பதற்குச் சமம். கைபேசியைக் குனிந்து பார்ப்பவர்களை மனத்தில் வைத்து அவர் போட்ட கணக்கு இது. கைபேசியைக் கீழே வைத்துவிடலாம். பாதி அசைந்த பல்லை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோக முடியுமா?

பாரத்தைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. அது அசையாமை. தசை சுருங்கி விரிந்து வேலை செய்யும்போது, ஒவ்வொரு முறை தளரும்போதும் அதற்குள் புது ரத்தம் பாய்கிறது, கழிவு வெளியேறுகிறது. சுருங்கிய நிலையிலேயே பிடித்து வைத்தால் தசைக்குள் ஓடும் நுண்குழாய்கள் நெருக்குண்டு ரத்த ஓட்டம் குறைகிறது. கழிவு தேங்குகிறது. தசை இறுகுகிறது, முடிச்சு விழுகிறது. வாய் அறுவை மருத்துவரின் விரல்கள் மட்டும்தான் அசைகின்றன. அந்த விரல்கள் நடுங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கழுத்தும் தோளும் முதுகும் சிலையாக நிற்கின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மருத்துவர் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரியும். உள்ளே பிடரித் தசைக்கு ஓய்வே கிடையாது.

இது ஒருவர் இருவர் புலம்பலா? பல் மருத்துவத் துறையினர் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை 2009-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். தசை, எலும்பு, மூட்டு வலி இருப்பதாகச் சொன்னவர்கள் குறைந்தது 64 சதவீதம், கூடியது 93 சதவீதம். பல வகை அறுவை மருத்துவர்களைப் பற்றிய 21 ஆய்வுகளைத் திரட்டி 2018-ல் வெளிவந்த கட்டுரை ஒன்று, ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இடுப்பு முதுகெலும்பில் தேய்மானம் இருப்பதாகச் சொல்கிறது. தொழிலால் இப்படி நோய் வந்தவர்களில் 12 சதவீதம் பேர் விடுப்பு எடுத்தோ, வேலையைக் குறைத்துக்கொண்டோ, முன்கூட்டியே ஓய்வு பெற்றோ ஒதுங்க வேண்டியிருந்தது.

மாணவர்கள் கவனிக்க வேண்டும். இது நரை விழுந்த பிறகு வருகிற வலி என்று எண்ண வேண்டாம். கலிஃபோர்னியாவில் பல் மருத்துவ மாணவர்களிடம் நடத்தி 2005-ல் வெளியான ஆய்வில், 46 முதல் 71 சதவீதம் பேர் உடல் வலி இருப்பதாகச் சொன்னார்கள். படிப்பில் ஆண்டு ஏற ஏற அந்த விகிதமும் ஏறியது. பட்டம் கையில் வருமுன்னே வலி வந்துவிடுகிறது.

1700-ஆம் ஆண்டு இத்தாலியின் மொடெனா நகரில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற மருத்துவர் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். குனிந்தபடியே தைக்கும் தையல்காரரின் முதுகு, உட்கார்ந்தே வேலை செய்பவரின் கால் என்று தொழில் தொழிலாகப் போய்ப் பார்த்தவர். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, நீ என்ன தொழில் செய்கிறாய் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னார். அவர் சொல்லி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. மருத்துவர்கள் எல்லோரிடமும் கேட்கிறார்கள். தங்களிடம் கேட்டுக்கொள்கிறார்களா?

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போய், நாற்காலியின் கதையைப் பார்க்க வேண்டும்.

பழைய ஐரோப்பாவில் பல் பிடுங்குகிறவர் நோயாளியைத் தரையில் அல்லது தாழ்வான இருக்கையில் உட்கார வைப்பார். தலையைத் தன் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மேலிருந்து குனிந்து இழுப்பார். பாரிஸ் நகரத்துப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் 1728-ல் எழுதிய நூலில் இந்த வழக்கத்தை அநாகரிகம் என்று கண்டித்தார். நோயாளியைச் சாய்வுள்ள கைநாற்காலியில் அமர்த்தச் சொன்னார். நோயாளி தரையிலிருந்து எழுந்தார். யாருக்காக? நோயாளிக்காக.

1790 வாக்கில் அமெரிக்காவின் ஜோசையா ஃபிளாக் ஒரு மர நாற்காலியில் தலை சாய்க்கும் கட்டை ஒன்றைப் பொருத்தினார். பல் மருத்துவத்துக்கென்றே செய்த முதல் நாற்காலி என்று அதைச் சொல்வார்கள். யாருக்காக? நோயாளியின் தலைக்காக. 1877-ல் பேசில் வில்கர்சன் நீரழுத்தத்தால் ஏறி இறங்கும் நாற்காலியைக் கொண்டுவந்தார். அதில் மருத்துவரின் உயரத்துக்கும் ஒரு பதில் கிடைத்தது. ஆனால் மருத்துவர் நின்றுகொண்டேதான் இருந்தார். நாள் முழுக்க நின்றார், ஒரு காலில் பாரத்தைப் போட்டு, இடுப்பை ஒடித்து, நோயாளியின் மேல் கவிந்து நின்றார்.

1958-ல் முழுவதும் படுக்கும் நாற்காலி அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. நோயாளி படுத்தார், மருத்துவர் உட்கார்ந்தார். 1960-களில் பக்கத்தில் உதவியாளரும் உட்கார்ந்து, நான்கு கையாக வேலை செய்யும் முறை பரவியது. கால் நோவு குறைந்தது. பிரச்சினை தீர்ந்ததா? வலி இடுப்பிலிருந்து எழுந்து கழுத்துக்கும் தோளுக்கும் குடிபோனது.

ஏன்? இதுதான் இன்றைய பேச்சின் மையம், கொஞ்சம் ஊன்றிக் கேளுங்கள்.

உடம்பு சோம்பல்பட்டு வளைவதில்லை. கண் இழுக்கிறது, உடம்பு வளைகிறது. பார்க்க வேண்டிய இடம் தெரியவில்லை என்றால் கண் முன்னே போகும். கண் போனால் கழுத்து போகும். கழுத்து போனால் முதுகு போகும். பயிற்சி மாணவர் குனிந்து வேலை செய்யும்போது, நிமிர்ந்து உட்காருப்பா என்று பேராசிரியர் முதுகில் தட்டுகிறார். அவர் நிமிர்கிறார். பல் மறைகிறது. அடுத்த நிமிடம் மறுபடி குனிகிறார். அந்தப் பையன் பேச்சைக் கேட்காதவனா? இல்லை. அவன் கண்ணுக்கு வழி பண்ணாமல் முதுகுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். நோயாளியின் தலை திரும்பியிருக்கும் பக்கம், நாற்காலியின் உயரம், விளக்கின் சாய்வு, மருத்துவர் இருக்கும் திசை, இந்த நான்கும் சரியாக இருந்தால் முதுகு தானாக நிமிரும். நான்கும் தவறாக இருந்தால் எத்தனை யோகாசனம் செய்தாலும் மாலையில் தைலம்தான்.

இதை நன்றாக உணர்ந்தவர் டேரில் பீச் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர். ஜப்பானில் அத்தாமி நகரில் இருந்து வேலை செய்தவர். அவருடைய சிந்தனையில் உருவான படுக்கை வகை நாற்காலியை மொரிட்டா நிறுவனம் 1964-ல் ஸ்பேஸ்லைன் என்ற பெயரில் கொண்டுவந்தது. அவர் கேள்வியையே தலைகீழாகப் போட்டார். நாற்காலி எங்கே இருக்கிறது, அதற்கேற்ப மருத்துவர் எப்படி உட்கார வேண்டும் என்று கேட்காதே. மருத்துவர் எப்படி உட்கார்ந்தால் உடம்புக்குச் சுகம், அதற்கேற்ப வாயை எங்கே வைக்க வேண்டும் என்று கேள் என்றார்.

அதை இந்த அரங்கிலேயே செய்து பார்க்கலாம். எல்லோரும் நிமிர்ந்து உட்காருங்கள். கண்ணை மூடுங்கள். கையில் ஊசியும் நூலும் இருப்பதாக நினைத்துக்கொண்டு நூலைக் கோர்த்துப் பாருங்கள். இப்போது கண்ணைத் திறந்து கைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். யாராவது தோளுக்கு மேலே தூக்கியிருக்கிறீர்களா? யாராவது வலப்பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறீர்களா? பெரும்பாலோருக்கு இரண்டு கையும் மார்புக்கு நேரே, உடம்பின் நடுவில், முழங்கை விலாவை ஒட்டி இருக்கும். நோயாளியின் வாய் வர வேண்டிய இடம் அதுதான். இவ்வளவு எளிது என்றால் ஏன் நடப்பதில்லை?

நடக்காததற்கு நம் ஊரிலேயே காரணங்கள் இருக்கின்றன. எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் படிப்பை முடித்த ஓரல் சர்ஜன்கள் பலர் கிளினிக் கிளினிக்காகப் போய்வரும் கன்சல்டன்டுகள். கார் டிக்கியில் கருவிப் பெட்டி. காலையில் ஓர் இடம், மதியம் ஓர் இடம், இரவு எட்டு மணிக்கு இன்னோர் இடம். மூன்று இடத்தில் மூன்று நாற்காலி. ஒன்று கீழே இறங்காது. ஒன்றில் விளக்கை வைத்த இடத்தில் நிற்காது. மூன்றாவது பத்துக்குப் பத்து அறையில், தலைமாட்டைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பார்கள்.

சுவரோடு ஒட்டினால் என்ன? நோயாளியின் தலையை ஒரு கடிகாரமாக வைத்து, உச்சந்தலையை 12 மணி என்று கொண்டு, மருத்துவர் இருக்கும் இடத்தைச் சொல்வது வழக்கம். வலக்கைப் பழக்கம் உள்ளவர் மேல் பல்லையும் கீழ் இடப் பல்லையும் வலப்பக்க முன்புறம், 7, 8 மணி இடத்தில் நின்று எடுப்பார். கீழ் வலது கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால், 11 மணிக்குப் போக வேண்டும். அங்கே சுவர் இருக்கிறது! போக இடமில்லாதவர் முன்னாலேயே நின்று, இடுப்பை முறுக்கி, தலையைச் சாய்த்து எட்டிப் பார்க்கிறார். கட்டடம் கட்டியபோது கொத்தனார் விடாமல் போன இரண்டடி இந்த மருத்துவரின் இடுப்பைத் தீர்மானிக்கிறது.

நோயாளியின் பங்கும் உண்டு. கொஞ்சம் தூக்கி வையுங்க டாக்டர், படுத்தா மூச்சு முட்டுற மாதிரி இருக்கு என்பார். நிறைமாத கர்ப்பிணிக்கும், இதய நோயாளிக்கும், ஆஸ்துமாக்காரருக்கும் அது நியாயமான வேண்டுகோள். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பயம். மருத்துவர் முகம் கோணாமல் நாற்காலியைத் தூக்குகிறார், தன் கழுத்தைக் குனிக்கிறார்.

பாக்குப் போடும் பழக்கம் இந்தக் கதைக்குள் எப்படி வருகிறது என்று கேட்கலாம். தொடர்ந்து பாக்கு மெல்லுபவர்களின் கன்னத்துக்குள் நார்த்திசு இறுகி, வாய் திறப்பது சுருங்கிக்கொண்டே வரும். மூன்று விரல் போன வாயில் ஒரு விரல் போகாது. இந்த நோயும், அதைத் தொடரக்கூடிய வாய்ப் புற்றும் இந்தியாவில் அதிகம். ஒரு விரல் வாசலுக்குள் வேலை செய்கிறவரின் கழுத்து எத்தனை டிகிரி வளையும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய ஆபரேஷன் தியேட்டருக்குள் போனால் கதை இன்னும் கடுமை. வாய்ப் புற்றை எடுத்து, கழுத்தின் நிணநீர்க் கட்டிகளை எடுத்து, கையிலிருந்தோ காலிலிருந்தோ சதையும் எலும்பும் கொண்டுவந்து ஒட்டுப்போடும் அறுவை எட்டு, பத்து மணி நேரம் போகும். மேசையின் உயரத்தை யார் அளவுக்கு வைப்பார்கள்? சீஃப், அதாவது தலைமை அறுவை மருத்துவர் அளவுக்கு. அவர் ஆறடி என்றால் மேசை உயரும். எதிரே நிற்கும் பிஜி மாணவி, அதாவது முதுநிலை மாணவி, ஐந்தடி. அவர் கையில் ரிட்ராக்டர். சீஃபுக்குப் பார்வை மறைக்காமல், சீஃபின் கைக்கு இடையூறு இல்லாமல், தன் தலையை ஒரு பக்கம் ஒதுக்கி, தோளைக் காதுவரை தூக்கி, கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு அறுவை நடக்கும் இடமே சரியாகத் தெரியாது. இழுத்துப் பிடி, தளர்த்தாதே என்ற குரல் மட்டும் வரும். மேடம், ஒரு ஸ்டூல் வேண்டும் என்று கேட்க அவருக்கு வாய் வருமா? முதலாண்டு மாணவி கேட்பாரா?

சிறிய கைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. பல் எடுக்கும் ஃபோர்செப்ஸ் தலைமுறை தலைமுறையாகப் பெரிய உள்ளங்கைக்கு ஏற்ப வந்தது. இன்றைய பல் மருத்துவ வகுப்புகளில் மாணவியர் கூட்டம்தான் பெரிது. கைக்கு மீறிய பிடி என்றால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இறுக்கம் கட்டைவிரலின் அடிமூட்டிலும் மணிக்கட்டிலும் போய்ச் சேரும்.

சரி, என்னதான் வழி? வழி இருக்கிறது. பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை.

முதலாவது, வாயை முழங்கை உயரத்துக்குக் கொண்டுவருவது. நின்றுகொண்டு மேல் பல் எடுக்கும்போது நாற்காலியைப் பின்னால் சாய்த்து, மேல் பல்வரிசை தரைக்கு 60 டிகிரியில் இருக்கும்படி வைக்க வேண்டும். வாய் மருத்துவரின் முழங்கை மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே. கீழ்ப் பல் என்றால் நாற்காலியை நிமிர்த்தி, இன்னும் இறக்கி, வாய் திறந்தபோது கீழ்ப் பல்வரிசை தரைக்கு இணையாக வரும்படி வைக்க வேண்டும். பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது இது. தேர்வில் எழுதுகிறார்கள், மறுநாள் மறக்கிறார்கள்.

பல் எடுக்கும் விசை எங்கிருந்து வர வேண்டும் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. முழங்கை விலாவை ஒட்டியிருக்க வேண்டும், மணிக்கட்டு மடங்கக் கூடாது. விசை தோளிலிருந்தும் உடம்பிலிருந்தும் வர வேண்டும். மணிக்கட்டால் திருகுகிறவர் அன்றைக்குப் பல்லை எடுத்துவிடுவார், சில வருடங்களில் மணிக்கட்டைக் கொண்டுபோய் வேறு மருத்துவரிடம் காட்டுவார்.

இரண்டாவது, நோயாளியிடம் வாய்விட்டுக் கேட்பது. தலையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்புங்கள், தாடையைத் தூக்குங்கள், இன்னும் மேலே ஏறிப் படுங்கள். நோயாளியின் கழுத்து சில நிமிடம் திரும்பினால் அவருக்கு ஒன்றும் ஆகாது. மருத்துவரின் கழுத்து நாளெல்லாம் திரும்பினால் ஆகும்.

மூன்றாவது, கண்ணுக்குக் கருவி. மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் பொருத்திய உருப்பெருக்கிகளை லூப்ஸ் என்பார்கள். பொருளைப் பெரிதாகக் காட்டுவது அதன் பாதி வேலைதான். குறிப்பிட்ட தொலைவில் மட்டும்தான் அதில் உருவம் தெளிவாகத் தெரியும். கிட்டே குனிந்தால் மங்கும். கண் தெளிவைத் தேடிப் பின்னால் போகும், கழுத்தும் பின்னால் போகும். இங்கேயும் கண்தான் எஜமான். ஆனால் எச்சரிக்கை வேண்டும். வில்லை போதிய அளவு கீழ்நோக்கிச் சாய்ந்து பொருத்தப்படவில்லை என்றால், அதே லூப்ஸ் மருத்துவரை இன்னும் குனிய வைக்கும். அளவெடுக்காமல் இரவல் வாங்கிப் போடுகிறவர்கள் யோசிக்க வேண்டும். முப்பட்டகம் வைத்து, தலையை நேராக வைத்துக்கொண்டே கீழே பார்க்க உதவும் வகையும் இப்போது வந்திருக்கிறது.

நான்காவது, இருக்கை. 1953-ல் அமெரிக்காவின் ஒமாஹா நகரத்து மருத்துவர் கீகன், பல நிலைகளில் மனிதர்களைப் படுக்க வைத்து எக்ஸ்-ரே எடுத்தார். தொடைக்கும் உடலுக்கும் இடையே சுமார் 135 டிகிரி கோணம் இருக்கும்போது இடுப்பின் இயல்பான வளைவு கெடாமல் இருப்பதைக் கண்டார். 90 டிகிரியில் சதுரமாக உட்கார்ந்தால் அந்த வளைவு தட்டையாகிறது. குதிரைச் சேணம் வடிவில் வரும் ஸ்டூல்களின் பின்னணி இதுதான். தொடை கீழ்நோக்கிச் சரிகிறது, இடுப்பு தன் வளைவுக்குத் திரும்புகிறது.

ஐந்தாவது, பிடி. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் பல் கருவிகளின் பருமனையும் எடையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் சோதித்தார்கள். 10 மில்லிமீட்டர் பருமனும் 15 கிராமுக்கு மிகாத எடையும் உள்ள கைப்பிடிக்குத்தான் விரல்கள் குறைவாக அழுத்தின. மெல்லிய கனமான எஃகுக் கம்பியைவிடத் தடித்த இலேசான பிடி நல்லது. அடுத்த முறை கருவி வாங்கும் கல்லூரி நிர்வாகம் விலைப்பட்டியலோடு இதையும் பார்க்கலாம்.

ஆறாவது, ஓய்வு. அறுவையை நிறுத்திவிட்டு ஓய்வா என்று சீஃப்கள் புருவத்தைத் தூக்குவார்கள். அமெரிக்காவில் நான்கு மருத்துவ மையங்களில் 66 அறுவை மருத்துவர்களிடம் இதைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். 20 முதல் 40 நிமிடத்துக்கு ஒருமுறை, கையுறையைக் கழற்றாமல், கிருமிநீக்கிய வட்டத்தை விட்டு வெளியேறாமல், ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் கழுத்தையும் தோளையும் நீட்டி மடக்கினார்கள். தோள் வலி குறைந்தது. வேலையின் ஓட்டத்துக்குச் சொல்லும்படியான தடை இல்லை. 87 சதவீதம் பேர் இதைத் தங்கள் தியேட்டரில் தொடர விரும்பினார்கள்.

வேலையை உடம்புக்கேற்ப மாற்றியதற்கு இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். ஃபிராங்க் கில்பிரெத் என்ற அமெரிக்கர் இளவயதில் கொத்துவேலை கற்றவர். ஒவ்வொரு செங்கல்லுக்கும் கொத்தனார் தரைவரை குனிந்து நிமிர்வதைப் பார்த்தார். சுவர் உயர உயரத் தானும் உயரும் சாரம் ஒன்றைச் செய்து, செங்கல்லை இடுப்பு உயரத்தில் வைத்தார். ஒரு கல் வைக்கத் தேவைப்பட்ட 18 அசைவுகள் ஐந்துக்குள் அடங்கின. பிறகு அவரும் அவர் மனைவி லிலியனும் அறுவை அரங்குகளுக்குப் படக்கருவியோடு போனார்கள். அறுவை மருத்துவர் கருவியைத் தானே திரும்பித் தேடி எடுப்பதில் நிறைய நேரம் போவதைக் கண்டு, பெயரைச் சொன்னதும் கருவி உள்ளங்கையில் வந்து விழ வேண்டும் என்றார்கள். இன்று தியேட்டரில் செவிலியர் கருவியை எடுத்துத் தருவது நமக்குச் சாதாரணக் காட்சி. நூறாண்டுக்கு முன் அது புதுமை. கொத்தனாருக்குச் செய்த சாரத்தைப் போல ஒன்றைத் தன் பிஜி மாணவிக்கு எத்தனை சீஃப்கள் செய்திருக்கிறார்கள்? மேசையை உயரமானவர் அளவுக்கு வைத்து, குள்ளமானவருக்கு ஒரு படிப்பலகை போடுவதற்கு என்ன செலவு?

இது மருத்துவர்களின் சொந்தச் சுகம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று பொதுமக்கள் எண்ணிவிடக் கூடாது. தோள் களைத்தால் கை நடுங்கும். கழுத்து வலித்தால் கவனம் வலியின் மேல் போகும். அந்தக் கையும் அந்தக் கவனமும்தான் உங்கள் வாய்க்குள் இருக்கின்றன.

ஆகவே நான்கு வேண்டுகோள்கள். கிளினிக் கட்டுகிறவர்களே, நாற்காலியின் தலைமாட்டில் ஓர் ஆள் ஸ்டூலோடு சுற்றிவர இடம் விடுங்கள். கல்லூரிகளே, செய்முறைத் தேர்வில் பல்லை எடுத்ததற்கு மதிப்பெண் போடுவதோடு எப்படி நின்று எடுத்தார் என்பதற்கும் மதிப்பெண் போடுங்கள். 1993-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உருவான ரூலா என்ற முறையில் கழுத்து, முதுகு, கை வளைவைக் கண்ணால் பார்த்தே 1 முதல் 7 வரை எண் போடலாம். கழுத்து 10 டிகிரியைத் தாண்டினாலே எண் ஏறும். 7 வந்தால் உடனே மாற்ற வேண்டும் என்று பொருள். கைபேசியில் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால் போதும். நோயாளிகளே, மருத்துவர் நாற்காலியைச் சாய்க்கும்போது உங்களுக்கு மூச்சுக்கோளாறு இல்லை என்றால் படுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வேண்டுகோள் பிஜி மாணவர்களுக்கும் அவர்களுடைய சீஃப்களுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொடுத்த அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 வரிகள் இருக்கின்றன. கத்தி வைக்கும் முன் எல்லோரும் நின்று, நோயாளி இவர்தானா, அறுவை இதுதானா என்று உரக்கச் சொல்கிறார்கள். அதோடு சேர்த்து, மேசை உயரம் எல்லோருக்கும் சரியா, ஸ்டூல் யாருக்காவது வேண்டுமா என்று சீஃப் தன் வாயால் கேட்கட்டும். சீஃப் கேட்டுவிட்டால் முதலாண்டு மாணவி பதில் சொல்லத் தயங்க மாட்டார். வரும் திங்கட்கிழமை உங்கள் தியேட்டரில் முதல் கேஸிலேயே தொடங்கலாம்.

கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம், எழுந்து நின்றே கேளுங்கள், முதுகுக்கு நல்லது.